கணக்கெடுப்புக்கு முப்பது நாள் விடுப்பு

தவறு என்னுடையதுதான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் அலுவலகக் கோப்புகளில் எங்கே தேடினாலும் இந்த வாக்கியம் கிடைக்காது. அங்கே 'தவறு நேர்ந்துள்ளது' என்றுதான் இருக்கும், மழை பெய்துள்ளது என்பதைப் போல.

நான் ஆவணக் காப்பகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நானும், நான் வராத நாளில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும். நாட்டில் பதிவான பிறப்பு, இறப்பு, திருமணம், நீதிமன்ற ஆணை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பொருள் சேமிப்பகம் என்ற ஒன்றில் போட்டு வைத்திருக்கிறோம். அது அலமாரி மாதிரி இல்லை. தட்டு கிடையாது, வரிசை கிடையாது. ஒவ்வோர் ஆவணமும் கழுத்தில் பெயர்ச்சீட்டை மாட்டிக்கொண்டு ஒரே பெரிய பக்கெட்டில் கிடக்கும். பக்கெட் என்றுதான் தொழிலில் அதற்குப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்ட என் மனைவி, "இதுக்காங்க அவ்வளவு படிச்சீங்க?" என்றாள்.

பக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று வாரம் ஒருமுறை தானாகவே பட்டியல் எடுக்கும் ஒரு வேலையைக் கணினியில் அமைத்துவிடலாம். அமைக்கச் சொன்னவர் கண்காணிப்பாளர். பட்டியல் ஒரே தாளாக இருக்கக் கூடாது, பழைய மர இழுப்பறைகளில் இருந்த மாதிரி ஆவணத்துக்கு ஒரு சீட்டு தனியாக வேண்டும் என்றார். அப்படியே அமைத்தேன். ஞாயிறு காலை ஆறு மணி என்று நேரமும் குறித்தேன். கடைசியில் கணினி ஒரு கேள்வி கேட்டது: சீட்டுகளை எந்தப் பக்கெட்டில் வைக்க? புதிய பக்கெட் வேண்டுமென்றால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். எனக்கோ பசி. அதே பக்கெட்டின் பெயரைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதை மட்டும் இன்றுவரை குறை சொல்ல முடியாது.

முதல் ஞாயிறு நாற்பது லட்சம் ஆவணங்களுக்கு நாற்பது லட்சம் சீட்டு எழுதி அதே பக்கெட்டில் போட்டது. மூன்று மணி நேரம். அடுத்த ஞாயிறு பக்கெட்டைத் திறந்து பார்த்தால் எண்பது லட்சம் பொருள்கள். எண்பது லட்சத்துக்கும் சீட்டு எழுதியது. அதாவது ஆவணங்களுக்கு மறுபடியும் ஒரு சீட்டு, சீட்டுகளுக்குச் சீட்டு. ஆறு மணி நேரம். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. இப்படி வாராவாரம் இரட்டித்துக்கொண்டே போனது. நாலாவது ஞாயிறு முழு நாளும் எண்ணியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் எண்ணுகிற வழக்கம் இல்லாததால் கவனிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் எண்ணிக்கை திங்கட்கிழமைக்குள் கால் வைத்தது. அங்கேதான் விதி பதினேழு குறுக்கே வந்தது.

விதி பதினேழு இதுதான்: 'இருப்பு எடுப்பு நடைபெறுகையில் வழங்கல் இல்லை.' ஆவணங்கள் இரும்பு அலமாரியில் இருந்த காலத்தில் எழுதியது. ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் நடுவிலிருந்து ஒன்றை உருவிவிட்டால் கணக்கு உதைக்கும் அல்லவா. நியாயமான விதி. பிறகு அலமாரி போனது, அலமாரியை எண்ணியவர்கள் போனார்கள், விதி மட்டும் சம்பளம் இல்லாமல் தொடர்ந்து பணியில் இருக்கிறது. பொருள் சேமிப்பகத்தில் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டே மறுபக்கம் ஆயிரம் பேருக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விதிக்கு ஆகும். கணக்கெடுப்பு ஓடினால் கவுன்டரை மூட வேண்டும். நகலில் குத்துகிற ரப்பர் சீலையும் எண்ணிக்கைக்கு உட்பட்ட பொருள் என்பதால் இரும்புப் பெட்டியில் பூட்டி, பூட்டின் மேல் காகிதம் ஒட்ட வேண்டும்.

ஆறாவது வாரம் கவுன்டர் வியாழக்கிழமைதான் திறந்தது. அந்த வாரம்தான் தையற்காரம்மா வந்தார்.

என் அறைக் கதவைத் திறந்தால் நேரே பொதுக்கூடம். கவுன்டர் கண்ணாடி, அதன்மேல் 'இருப்பு எடுப்பு நடைபெறுகிறது' என்ற அட்டை, எதிரே நாலு வரிசை இரும்பு நாற்காலி. நாலாம் தேதி திங்கட்கிழமை காலையில் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. எடுத்து வைக்க மறந்து வந்திருந்தார் போல. பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி, கவுன்டருக்குக் கீழே இருக்கும் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிரிண்டர் ஓடும்போதெல்லாம் சிரித்தாள்.

"அவளுக்குக் காது கேக்காது சார். அதிர்வு பிடிக்கும். வீட்ல மெஷின் மேலதான் கைய வச்சுக்கிட்டு நிப்பா" என்றார் தையற்காரம்மா. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் முன்பே விளக்கம் சொல்லிப் பழகிவிட்டார் போலிருந்தது.

அவருடைய தங்கை மகள். தங்கை இல்லை. குழந்தைக்கு இவர்தான் காப்பாளர் என்று நீதிமன்றம் மூன்று வருடம் முன்பு ஆணை கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காதில் அறுவை சிகிச்சை. உள்ளே ஒரு கருவி வைப்பார்களாம். சம்மதக் கையெழுத்துப் போடக் காப்பாளர் ஆணையைக் கேட்கிறது ஆஸ்பத்திரி.

"ஆணை எங்க?"

"இவ கத்தரிச்சு மீன் செஞ்சுட்டா சார். அழகாத்தான் செஞ்சிருந்தா. சீல் இருந்த இடத்துல கண்ணு." கைப்பையைத் திறந்து மீனைக் காட்டினார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. "ஆஸ்பத்திரில இதை ஒத்துக்க மாட்டேங்குறாங்க. நீதிமன்றத்துல போய்க் கேட்டா, மூணு வருஷம் ஆனதெல்லாம் உங்ககிட்ட அனுப்பிட்டோங்குறாங்க."

"தேதியைத் தள்ளிப்போட முடியாதா?"

"அந்த டாக்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவதான் வருவாரு. விட்டா ஏழு மாசம். ஆறு வயசுக்குள்ள வச்சாத்தான் பேச்சு நல்லா வரும்னாங்க. இவளுக்கு இப்ப அஞ்சே முக்கால்."

வியாழன் கவுன்டர் திறந்ததும், திங்கட்கிழமை கொடுத்த டோக்கன் எண்ணிக்கைக் காலத்தில் கொடுத்தது, செல்லாது என்றார்கள். புது டோக்கன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. வெள்ளி மாலை கவுன்டர் மூடும்போது நூற்றெண்பதாவது ஆள் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், என் கணினிப் பிள்ளை ஏழாவது கணக்கெடுப்பைத் தொடங்கியது. இந்த முறை இருபத்தைந்து கோடி அறுபது லட்சம் பொருள்கள். எட்டு நாள் ஓடும். வாரத்துக்கு ஏழு நாள்தான்.

அதாவது இனிக் கவுன்டர் திறக்காது.

திங்கட்கிழமை அறையைச் சாத்திக்கொண்டு கணினிக்குக் கட்டளை தட்டும் கருப்புத் திரையைத் திறந்தேன். ஓடுகிற வேலையை நிறுத்திவைக்க ஒரே வரி போதும். வேலையின் எண்ணைத் தட்டி, பக்கத்தில் 'நிறுத்திவை' என்று தட்டி, என்டர். எதுவும் அழியாது. வேலை அப்படியே உறைந்து நிற்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் இன்னொரு வரியில் எழுப்பிவிடலாம். தட்டினேன்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது திரை.

விசாரித்ததில், என் பெயருக்கு வேலைகளைத் தொடங்கும் அனுமதி மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தும் அனுமதி இல்லை. சீட்டுகளை அழித்துவிடலாமே என்றால், ஆவணக் காப்பகத்தில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களை உட்காரவைத்துப் பழகியவள் என்பதால் முழுதும் கேட்டாள்.

"போடத் தெரியும், அணைக்கத் தெரியாது. நம்ம வீட்டு மோட்டார் கதைதான். தொட்டி வழிஞ்சு கீழ்வீட்டுக்காரர் கதவத் தட்டினாத்தான் உங்களுக்கு ஞாபகம் வரும்."

"இது அனுமதிப் பிரச்சினைம்மா."

"அந்தத் தையற்காரம்மாகிட்ட இது நீங்க செஞ்ச வேலைன்னு சொன்னீங்களா?"

"நாளைக்குக் கண்காணிப்பாளரைப் பார்த்துடுறேன்."

"நான் கேட்டது அது இல்லையே."

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன். அலுவலகத்தில் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கண்காணிப்பாளரின் மேசையில் எப்போதும் ஒரே ஒரு கோப்பு இருக்கும். இரண்டு இருந்தால் வேலை தேங்குகிறது என்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் தேவையில்லை என்பார்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பக்கெட், சீட்டுக்குச் சீட்டு, எட்டு நாள், விதி பதினேழு, இருபத்திரண்டாம் தேதி, குழந்தை.

"நான் கேக்குறது ஒண்ணுதான். இதுல என் கையெழுத்து எங்க வருது?"

"எங்கயும் வரல சார்."

"அப்ப நல்ல விஷயமாத்தான் இருக்கணும். ஆனா நிறுத்துறதுன்னா யோசிக்கணும். பாருங்க, இது வாராவாரம் வேலை செய்யுது. அதுக்குன்னு ஒரு எண் இருக்கு. நேரம் தவறாம ஆரம்பிக்குது. அப்ப அது ஊழியர் மாதிரிதான். ஊழியரை வேலையிலேர்ந்து நிறுத்தணும்னா குற்றச்சாட்டு வேணும், விசாரணை வேணும். இது என்ன தப்பு பண்ணிச்சு?"

"தப்பு நான் பண்ணினது சார்."

"அதைக் கோப்புல எழுதிடாதீங்க. தப்புன்னு ஒண்ணு வந்தா அதுக்கு மேல ஒரு அதிகாரி வரணும். அது நான்." தண்ணீர் குடித்தார். "விடுப்புன்னு போடுங்க. விடுப்பு யாருக்கு வேணா கொடுக்கலாம். நல்லா வேலை செய்யுறவங்களுக்குக்கூட."

விடுப்புப் படிவம் நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் வேலையின் எண். காரணம்: அதிக வேலை. விடுப்பில் தங்கும் முகவரி: அதே பக்கெட். கடைசியாக விடுப்பு எடுத்த நாள்: எடுத்ததில்லை.

புதன்கிழமை இயக்குநர் எல்லோரையும் மாடிக் கூடத்துக்குக் கூப்பிட்டார். விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது, கூட்டத்திலேயே தீர்த்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேடையில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. ஆறு வாரமாக ஒரு கோடு மேலே மேலே போய், ஏழாவது வாரத்தில் சட்டத்தைத் தாண்டிச் சுவரில் பென்சிலால் தொடர்ந்திருந்தது.

"நமக்கு முன்னால இருந்தவங்க நாப்பது லட்சம் ஆவணம் சேர்க்க அறுபது வருஷம் எடுத்துக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "அவங்களைக் குறை சொல்லல. அவங்களால முடிஞ்சது அவ்வளவுதான். நாம ஆறே வாரத்துல இருபத்தஞ்சு கோடியே அறுபது லட்சம். தலைநகரத்துக்கு நேத்துச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் கௌரவிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

கைதட்டினார்கள். எங்கள் நாட்டில் செத்தவர்களையும் சேர்த்து எண்ணினால்கூட அவ்வளவு பேர் இல்லை. நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்.

"ஐயா, அதுல நாப்பது லட்சம்தான் ஆவணம். மிச்சமெல்லாம் ஆவணத்தைப் பத்தின சீட்டு. அந்தச் சீட்டைப் பத்தின சீட்டு."

இயக்குநர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார், அதுதான் மோசம்.

"தம்பி, ஆவணத்தைப் பத்தின சீட்டு ஆவணம் இல்லைன்னா, நான் முப்பது வருஷமா கையெழுத்துப் போட்டதெல்லாம் என்ன? நான் இங்க சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு பிறப்புச் சான்றிதழைக் கையால தொட்டது கிடையாது. நான் தொட்டதெல்லாம் அதைப் பத்தின குறிப்பு. குறிப்பைப் பத்தின கடிதம். கடிதம் வந்ததான்னு கேட்டு ஒரு நினைவூட்டல். அது கணக்குல வராதுன்னா நான் எந்தக் கணக்குல வருவேன்? இங்க இருக்குற முன்னூறு பேரும் எந்தக் கணக்குல வருவாங்க?"

முன்னூறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கே ஒரு கணம், நாற்பது லட்சம் என்று சொல்லி அவர் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்புக் குழு கூடியது. ஐந்து பேர். என் படிவத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். குழுத் தலைவர் 'கடைசியாக விடுப்பு எடுத்த நாள்' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழு வாரத்துல ஒரு நாள்கூட லீவு எடுக்கல. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்து நிக்குது. நம்ம ஆளுங்கள்ல ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்."

"ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்துட்டு அப்புறம் விடுப்பு கொடுக்கலாமே" என்றார் இன்னொருவர். அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

முடிவில் முப்பது நாள் விடுப்பு ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. விடுப்பில் போகிறவர் இடத்தில் மாற்றாள் சேர்ந்த பிறகே விடுப்பு தொடங்கும்.

"மாற்றாளா? அதுவும் எண்ணினா கவுன்டர் மூடித்தானே சார் இருக்கும்?"

"அதுக்காக எண்ணாமலே விட்டுற முடியுமா? இருப்பு எடுக்காத காப்பகம்னு நாலு பேர் பேசமாட்டாங்களா?"

கீழே வந்தேன். தையற்காரம்மா அன்றும் இருந்தார். தினமும் காலையில் வந்துவிட்டு மதியம் கடைக்குப் போவார். என் சட்டையில் ஒரு பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, என்னைச் சட்டையோடு நிற்கவைத்துத் தைத்துக் கொடுத்தார்.

"நீங்க ஒருத்தர்தான் சார் இங்க ஓடியாடிக் கேக்குறீங்க. மத்தவங்க அட்டையைக் காட்டுறாங்க" என்றபடி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஊசி நெஞ்சுக்கு மிக அருகில் இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணி நேர வேலையில் எனக்கு ஒரு நல்ல யோசனை வருவது அபூர்வம், ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஒன்று வந்தது. தொடங்கும் அனுமதிதான் எனக்கு இருக்கிறதே. இரண்டாவதாக ஒரு கணக்கெடுப்பு வேலையை அமைத்தேன். தனிப் பக்கெட், மூன்று படிவத்தையும் நிரப்பி. நேரம்: ஒவ்வொரு மாதமும் முதல் தேதி. அதாவது மாற்றாள் பணியில் சேர்ந்தாயிற்று, ஆனால் அடுத்த மாதம்வரை ஒன்றும் செய்யாது. சேர்ந்த நாளிலிருந்து வேலையே செய்யாத ஊழியர். யாருக்கும் அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. சேர்க்கை அறிக்கை அன்று மாலையே கையெழுத்தாகி வந்தது.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது முடிவதற்குள்ளேயே எட்டாவதும் தொடங்கி, இரண்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எட்டு நாளில் முடிய வேண்டியதும் முடியாமல், ஆமை வேகத்தில் எண்ணிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் செய்து பார்த்தேன். காப்பாளர் ஆணையைப் பக்கெட்டிலிருந்து நானே எடுத்து அச்சடித்தேன். இரண்டு நொடி. பார்க்க எனக்கு எப்போதும் அனுமதி இருந்தது. தையற்காரம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்.

"சீல் எங்கன்னு கேக்குறாங்க சார்."

கவுன்டரில் இருக்கும் அம்மாளிடம் போனேன். இருபது வருடமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர். "சீலை வெளிய எடுக்க முடியுமா முடியாதா?" என்றேன்.

"எடுக்க முடியாதுன்னு நான் எங்க சொன்னேன்? பெட்டி பூட்டியிருக்குன்னுதான் சொல்றேன்."

"பூட்டைத் திறந்தா?"

"திறந்தா திறந்திருக்கும்" என்றார், மரியாதையாகவே.

புதன்கிழமை விடுப்பு ஆணை வந்தது. வியாழன், இருபத்தோராம் தேதி, காலை பத்து மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் மாடியின் கடைசி அறைக்குப் போனேன். நிறுத்தும் அனுமதி அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரே மனிதரிடம்தான் இருக்கிறது. எல்லோரும் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். யாரும் பார்த்ததில்லை, கோப்பு மட்டும்தான் போய்வரும். கதவைத் தட்டியதும், உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஆள் வருவது அவருக்குப் பழக்கமில்லை.

ஆணையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். பிறகு கருப்புத் திரையில் அந்த ஒரே வரியைத் தட்டினார். என்டர். நாலு நொடி. 'நிறுத்திவைக்கப்பட்டது' என்றது திரை. ஏழாவது எட்டாவது இரண்டும் நின்றுவிட்டன. பத்து நாள் ஏறி இறங்கிய எனக்கு, உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

"இனிமே கவுன்டர் திறந்துடும்ல?"

"அது என் ஸ்க்ரீன்ல வராதுங்க" என்றார் சாவிக்காரர். விழுந்ததைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்துவிட்டார்.

நான்கு மாடியும் படியில் இறங்கி ஓடினேன். கூடத்தில் கவுன்டர் அம்மாள் நாற்காலி மேல் ஏறி அட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். தையற்காரம்மா எழுந்து நின்றிருந்தார், கையில் அந்தச் சீல் இல்லாத தாள். புது அட்டையைப் படித்தேன். 'இருப்பு எடுப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. முடிந்தபின் வழங்கல்.'

கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் விதிப் புத்தகத்தைத் தயாராகத் திறந்து வைத்திருந்தார்.

"நடைபெறுகையில்னா என்ன அர்த்தம்? ஆரம்பிச்சு இன்னும் முடியாம இருக்குன்னு அர்த்தம். ஓடிக்கிட்டிருந்தப்பவாவது என்னைக்காவது ஒண்ணு முடிஞ்சிருக்கும். நின்னுபோனது எப்படிங்க முடியும்?"

"அப்ப மறுபடி ஓடவிடுங்க சார்."

"முப்பது நாள் விடுப்பு கொடுத்திருக்கு. நடுவுல கூப்பிடணும்னா குழு கூடணும். குழுத் தலைவர் இயக்குநரோட தலைநகரத்துக்குப் போயிருக்காரு."

"பெட்டியையாவது திறக்கச் சொல்லுங்க சார். ஒரே ஒரு சீல். நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

அவர் புத்தகத்தை மூடினார். மேசையில் இருந்த அந்த ஒரே கோப்பை நேராக நகர்த்தி வைத்தார். "எனக்கும் பேத்தி இருக்கு" என்றார். அது ஆம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. கேட்டேன். "பாக்கலாம்" என்றார். ஐந்து மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கூடத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரம்மா மட்டும் இருந்தார். குழந்தை இரண்டு நாற்காலியில் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரில மூணு மணிக்கே போன் பண்ணிட்டாங்க" என்றார். "வேற குழந்தைக்குக் கொடுத்துட்டாங்களாம்."

எதையாவது தமாஷாகச் சொல்லி எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு அதுதான் வரும். வரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்மா. இந்த எண்ணிக்கை ஓயாம ஓடினது நான் பண்ணின தப்பு. எட்டு வாரம் முன்னாடி பட்டியலை வேற இடத்துல வைக்கணும்னு கேட்டுச்சு. மூணு படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு அதே இடத்துல வச்சேன். பசிச்சுது, சாப்பிடப் போனேன். அவ்வளவுதான் விஷயம். நிறுத்துங்கன்னு அலைஞ்சதும் நான்தான். நிறுத்தினதாலதான் இப்ப முடியவே முடியாம நிக்குது. அதுவும் நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளை நாலாக மடித்தார். ஓரங்களை விரல் நகத்தால் அழுத்தி, துணி மடிப்பதைப் போலவே சரியாக மடித்தார்.

"முதல் நாளே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"பித்தான் தச்சப்பவும்?"

"அப்பவும்."

தாளைப் பைக்குள் வைத்தார். குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தார். தூக்கத்திலேயே அது அவர் முதுகில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டது. நானும் எழுந்தேன். இந்தக் கட்டடத்தில் பதினொரு வருடமாக நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பார்க்கலாம், வரும், ஆகும், என் கையில் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கிறது. இதற்கும் பரவாயில்லை சார் என்று ஒன்று வரும், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நப்பாசையில்தான் கேட்டேன்.

"என் மேல கோவமாம்மா?"

"ஆமா" என்றார். "இருக்கு. இவ பேசுற வரைக்கும் இருக்கும்."